நன்கொடை ஒரு கணக்கு, சம்பளம் வேறு கணக்கு

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் கணவரோடு சேர்ந்து கேட்டரிங் நிறுவனம் நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

நிறுவனத்தில் 31 ஊழியர்கள். சிலர் வேலை அனுமதியில் வந்தவர்கள். பங்குகளில் 70 விழுக்காடு வாசகிக்கும் கணவருக்கும், மீதி 30 கொழுந்தனாருக்கும் சொந்தம். சென்ற ஆண்டு வரிக்குரிய லாபம் 180,000 வெள்ளி அளவில் வந்திருக்கிறது. மாமனாரின் பத்தாவது நினைவு நாளை ஒட்டி நிறுவனத்தின் பணத்தில் 30,000 வெள்ளி நன்கொடை தர கணவர் விரும்புகிறார். பட்டுக்கோட்டைப் பக்கம் மாமனார் படித்த பள்ளிக்கு 15,000, கோயில் அன்னதானத்துக்கு 5,000, இங்குள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்கு 10,000. இதோடு அந்த இல்லத்தில் ஒரு நாள் சாப்பாடும் போடுவதாகத் திட்டம். "எல்லாத்துக்கும் 250 விழுக்காடு வரி திரும்ப வந்துடும், கொடுத்ததுக்கு மேலேயே கிடைக்கும்" என்கிறாராம். ஊழியர்களும் புண்ணியத்தில் பங்கு பெறட்டும் என்று ஆளுக்கு மாதம் 5 வெள்ளி சம்பளத்தில் பிடிக்கவும் யோசனை.

அடுத்தது ஓர் இளைஞர் பற்றியது. வயது 24, காது கேட்காது, பேக்கரி வேலை கற்றவர். தெரிந்த குடும்பம் ஒன்றின் மூலம் வேலை கேட்டு வந்திருக்கிறார். இதற்கிடையே ஒரு பெரிய வாடிக்கையாளர் நிறுவனம், அடுத்த ஒப்பந்தத்துக்கு விலைப்புள்ளி தரும்போது, "எல்லாரையும் உள்ளடக்கிய வேலை நியமனத்துக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. கணவர் இரண்டையும் இணைத்துவிட்டார். "பையனுக்கு மாசம் 600 வெள்ளி கைச்செலவுக்குக் கொடுப்போம். வந்து உட்கார்ந்திருக்கட்டும். ஒரு போட்டோ எடுத்து ஒப்பந்தத்தில் வைப்போம். அரசாங்க மானியமும் வரும். நமக்கும் புண்ணியம்." வாசகிக்கு இதில் ஏதோ உறுத்துகிறது. ஆனால் சமையலறையில் கொதிக்கும் அண்டாக்களுக்கு நடுவே காது கேட்காதவர் எப்படி வேலை செய்வார் என்ற பயமும் அவருக்கு உண்டு. "நான் யோசிப்பது சரியா, அவர் சொல்வது சரியா?" என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகி,

உங்கள் கணவரின் மனசு நல்ல மனசுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பாவின் நினைவாகக் கொடுப்பது, ஊழியரிடம் பிடிப்பது, அந்த இளைஞருக்கு வேலை தருவது ஆகிய மூன்றையும் 'புண்ணியம்' என்ற ஒரே தலைப்பில் போட்டதில்தான் சிக்கல். சட்டத்தின் கண்ணில் மூன்றும் மூன்று தனி விவகாரங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பணத்திலிருந்து தொடங்குகிறேன், அது சுலபம்.

250 விழுக்காடு என்றால் என்ன

250 விழுக்காடு என்பது வரிக் கழிவு. கையில் திரும்பி வரும் பணம் இல்லை. நீங்கள் 10,000 வெள்ளி கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் 25,000 வெள்ளியைக் குறைத்துக் கணக்கிடுவார்கள். நிறுவன வரி விகிதம் 17 விழுக்காடு என்பதால், 4,250 வெள்ளி மிச்சமாகும் என்று பலரும் கணக்குப் போடுவார்கள். உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு அதுவும் கிடைக்காது. வரிக்குரிய வருமானத்தில் முதல் 10,000 வெள்ளிக்கு 75 விழுக்காடும் அடுத்த 190,000 வெள்ளிக்கு 50 விழுக்காடும் ஏற்கனவே விலக்கு இருக்கிறது. 180,000 வெள்ளி லாபத்தில் நிற்கும் நீங்கள் 10,000 கொடுத்தால் உண்மையில் குறையும் வரி 2,125 வெள்ளி. மீதி 7,875 வெள்ளி உங்கள் கையிலிருந்து போவதுதான். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் லாபம் வரும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கழிவும் எல்லா நன்கொடைக்கும் கிடையாது. 'ஐபிசி' (பொதுநலத் தன்மை கொண்ட அமைப்பு) என்ற தகுதி பெற்ற அமைப்புக்கு, இங்குள்ள காரியத்துக்காகக் கொடுத்தால்தான் உண்டு. பதிவுபெற்ற அறநிறுவனம் எல்லாமே ஐபிசி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதியோர் இல்லத்தின் பெயரை அரசாங்கத்தின் அறநிறுவன இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். பணம் கொடுக்கும்போது நிறுவனத்தின் பதிவு எண்ணைத் தர மறக்காதீர்கள். அந்த எண்ணோடு இல்லமே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தகவல் அனுப்பும். ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களாகக் கழிவு கேட்க முடியாது. இப்போதைய 250 விழுக்காடு 2023 வரவுசெலவுத் திட்டத்தில் 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதற்குப் பிந்திய தேதியில் கொடுப்பதாக இருந்தால் அப்போதைய நிலவரத்தைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐபிசியின் பணி, இனம் மதம் பார்க்காமல் சிங்கப்பூர்ச் சமூகம் முழுவதற்கும் பயன்பட வேண்டும் என்பது பொதுவிதி. எனவே கோயில் அன்னதானத்துக்குத் தரும் 5,000 வெள்ளிக்குக் கழிவை எதிர்பார்க்காதீர்கள். இல்லத்தில் நீங்கள் போடும் சாப்பாட்டுக்கும் இல்லை. பொருளாகத் தருவதில் பங்குகள், கலைப்பொருள்கள், நிலம், கட்டடம் போன்ற சில வகைகளுக்குத்தான் கழிவு. பிரியாணி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. இல்லம் ஐபிசியாக இருந்து, முன்கூட்டியே சம்மதித்தால், உங்கள் ஊழியர்கள் வேலை நேரத்தில் அங்கே தொண்டு செய்ததற்கான சம்பளத்துக்கும் அதையொட்டிய செலவுக்கும் நிறுவனத் தொண்டூழியத் திட்டத்தின் கீழ் 250 விழுக்காடு கழிவு கேட்கலாம். இதை நிகழ்ச்சிக்கு முன்பே இல்லத்திடம் பேசிவிட வேண்டும்.

ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவது

வெளிநாட்டுப் பள்ளிக்கு இங்கே வரிக் கழிவு இல்லை என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் இந்தியாவில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி சிங்கப்பூர் நிறுவனம் ஒரு வெளிநாட்டு மூலம். உங்கள் கணவர் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் அவருடைய சொந்தப் பணமும் அப்படித்தான், பூர்வீகம் பட்டுக்கோட்டையாக இருந்தாலும். பள்ளியை நடத்தும் அறக்கட்டளை அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். "தாளாளர் கணக்குக்கு அனுப்பிடுங்க, பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாட்டிக்கொள்வது அந்தப் பள்ளி.

கொழுந்தனார் இன்னமும் இந்தியக் குடியுரிமை வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால் கதை வேறு. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அண்ணன் தம்பி உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

இன்னொன்று. இந்தப் பள்ளிக்காக உங்கள் கடைக் கவுண்டரில் உண்டியல் வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் காரியத்துக்காக இங்கே பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை.

யாருடைய பணம்

நிறுவனத்தின் பணம் குடும்பப் பணம் இல்லை. 30 விழுக்காடு கொழுந்தனாருடையது. கணவர் இயக்குநர் என்ற முறையில் தன் தந்தையின் நினைவுக்காக 30,000 வெள்ளி எடுப்பதென்றால், இயக்குநர் கூட்டத்தில் வைத்து, நிறுவனத்துக்கு இதனால் என்ன நன்மை என்பதையும் எழுதித் தீர்மானம் போட வேண்டும். கொழுந்தனாருக்கும் அப்பாதானே, ஒன்றும் சொல்லமாட்டார் என்று நினைக்கலாம். பங்குத் தகராறு வந்து என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

கேட்டால் வியப்பாக இருக்கும், உங்கள் கணவர் முதியோர் இல்லத்துக்குச் சொந்தப் பணத்தில் கொடுப்பதுதான் வரிக் கணக்கிலும் மேல். அவருடைய வரிக்குரிய வருமானம் 115,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படியில் விகிதம் 11.5 விழுக்காடு. 10,000 கொடுத்தால் 2,875 வெள்ளி வரி குறையும். நிறுவனம் கொடுத்தால் 2,125-தான் என்று பார்த்தோம். நினைவு நன்கொடை தந்தையின் பெயரில் மகனிடமிருந்தே போகும். கொழுந்தனாருக்கும் மனத்தாங்கல் இராது.

ஊழியரிடம் 5 வெள்ளி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வேண்டாம். வேலை நியமனச் சட்டம் அனுமதித்த காரணங்களுக்கு மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். மற்ற எதற்கும் ஊழியர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அந்தச் சம்மதத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். முதலாளியே தாளை நீட்டும்போது வேலை அனுமதியில் வந்தவர் யாராவது மறுப்பாரா? மறுக்க முடியாதவரிடம் வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? உள்ளூர் இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் நிதிக்கு ஏற்கனவே மாதம் ஒரு தொகை போகிறது. 2,500 வெள்ளிக்கு மேல் 4,500 வரை சம்பளம் என்றால் 7 வெள்ளி. விருப்பமுள்ளவர்கள் தாங்களே கொடுக்கட்டும் என்றால், கம்யூனிட்டி செஸ்ட் அமைப்பு நடத்தும் 'ஷேர்' மாதாந்தர நன்கொடைத் திட்டத்தைப் பற்றி ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள். யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்று நீங்கள் பார்க்காதீர்கள்.

அந்த இளைஞர்

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். உங்கள் உறுத்தல் நியாயமானது.

'கைச்செலவுக்கு 600 வெள்ளி' என்று ஒன்று சட்டத்தில் இல்லை. வேலைக்கு வரச் சொல்லி, பணம் கொடுத்தால் அது சம்பளம். மாதம் 50 வெள்ளிக்கு மேல் போனால் உங்கள் பங்கு மத்திய சேமநிதி கட்ட வேண்டும். முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும், சம்பளச் சீட்டு தர வேண்டும். வேலையிடக் காயத்துக்கான காப்புறுதியில் அவரையும் சேர்க்க வேண்டும். நீங்கள் வெளிநாட்டு ஊழியர் வைத்திருப்பதால் உள்ளூர் ஊழியருக்குக் குறைந்தது இவ்வளவு தர வேண்டும் என்ற தகுதிச் சம்பள விதி இருக்கிறது, வேலைப் படிநிலைக்கு ஏற்பக் குறைந்தபட்சச் சம்பளம் வகுக்கும் படிப்படியான சம்பள முறையும் உணவுத் துறைக்கு 2023 மார்ச் முதல் வந்துவிட்டது. முழுநேர ஊழியருக்கு 600 வெள்ளி என்பது இவற்றின் பக்கத்தில்கூட வராது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிகளும் திறமை, அனுபவம், பங்களிப்பு ஆகியவற்றை வைத்தே சம்பளம் தரச் சொல்கின்றன.

கணவர் எதிர்பார்க்கும் மானியமும் இந்த வழியில் வராது. உடற்குறையுள்ளோரை வேலைக்கு வைப்போருக்கான எனேபலிங் வேலை நியமன ஊக்கத்தொகை, மாதம் 4,000 வெள்ளிக்குக் கீழ் வாங்குபவரின் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 400 வெள்ளி. வேலையில்லாமல் நீண்ட காலம் இருந்தவர் என்றால் தொடக்க மாதங்களில் கூடுதலாகவும் உண்டு. இதற்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை, மத்திய சேமநிதி செலுத்தியதை வைத்தே கணக்கிடுகிறார்கள். சேமநிதி கட்டாமல் கையில் காசு கொடுத்தால் ஊக்கத்தொகைக்கு அடிப்படையே இல்லை. முறையாக 2,000 வெள்ளி கொடுத்தால் 400 வெள்ளி வரும். அவருடைய விவரம் உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பிடம் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பயம். காது கேட்காதவருக்குச் சமையலறை ஆபத்து என்கிறீர்கள். எந்த இடத்தில், எந்த வேலையில் என்று கேட்டுப் பாருங்கள். காலை அவசரத்தில் "சூடு, சூடு" என்று கத்திக்கொண்டு அண்டா தூக்கும் இடத்தில் ஆபத்துதான். மாவு எடைபோடும், கேக் அலங்கரிக்கும், பெட்டி கட்டும் மேசையில் கத்தல் எதற்கு? அவர் கற்றது பேக்கரி வேலை. அடுப்பு மணிக்குப் பதில் மின்னும் விளக்கு, தீ அபாய ஒலியோடு ஒளியும், வளைவில் ஒரு கண்ணாடி, தள்ளுவண்டிக்கு ஒருவழிப் பாதை, அன்றைய ஆர்டரைச் சொல்லாமல் பலகையில் எழுதுவது. இவ்வளவுதான் தொடக்கத்துக்கு வேண்டும். இதில் பாதி மற்ற ஊழியர்களுக்கும் நல்லது. தமிழ், மலாய், மாண்டரின், வங்காளம் என்று நாலு மொழி பேசும் சமையலறையில் ஆர்டர் எழுத்தில் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வேலையை இப்படி மாற்றியமைக்கும் செலவில் 90 விழுக்காடு வரை எஸ்ஜி எனேபலின் ஓப்பன் டோர் திட்டத்தில் மானியம் கேட்கலாம். சாமான் வாங்குவதற்கு முன் அவர்களிடம் பேசுங்கள், வாங்கிவிட்டுப் போய்க் கேட்காதீர்கள்.

ஒருவேளை அந்த வேலைக்கு அவர் பொருந்தாமலும் போகலாம். மற்றவர்களைப் போல அவருக்கும் ஒரு சோதனை நாள் வையுங்கள், அந்த நாளுக்குச் சம்பளம் கொடுங்கள், வேலையைப் பார்த்து முடிவெடுங்கள். பொருந்தவில்லை என்றால் காரணத்தைச் சொல்லி அனுப்பலாம். பரிதாபப்பட்டு வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மரியாதை. கற்ற தொழிலைச் செய்ய வந்த 24 வயதுப் பையனைச் சும்மா உட்கார வைத்தால் ஆறு மாதத்தில் கையும் மழுங்கும், மனசும் மழுங்கும்.

போட்டோவும் ஒப்பந்தமும்

அவருடைய சம்மதம் இல்லாமல் படத்தையும் குறைபாட்டையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சம்மதம் கேட்பதும் முறையில்லை. அந்த ஒரு பக்கத்தில் வாடிக்கையாளர் நிறுவனம் பார்க்க விரும்புவது உங்கள் நடைமுறையைத்தான். ஆள் எடுப்பது எப்படி, வேலையை மாற்றியமைத்தது எப்படி, குறை சொல்ல யாரிடம் போவது, இவற்றை எழுதுங்கள். ஓராண்டு நடத்திய பிறகு எஸ்ஜி எனேபல் வழங்கும் எனேபலிங் மார்க் அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள். எந்தப் போட்டோவையும்விட அந்த முத்திரைக்கு ஒப்பந்தத்தில் மதிப்பு அதிகம்.

அதை எழுதுவதற்கு முன் உங்கள் ஆள்சேர்ப்பு விளம்பரத்தையும் திருத்துங்கள். கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள்: "இந்தியப் பெண்கள், 40 வயதுக்குள், தமிழ் தெரிந்திருக்க வேண்டும்." தமிழ் வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் வேலை என்றால் தமிழ் கேட்பதற்குக் காரணம் காட்டலாம். இனம், பால், வயது மூன்றுக்கும் காரணம் இல்லை. இப்போதே இது முத்தரப்பு வழிகாட்டிகளுக்கு எதிரானது. புகார் போனால் மனிதவள அமைச்சு உங்கள் வேலை அனுமதிச் சலுகைகளைக் குறைக்கலாம். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2027 இறுதி வாக்கில் நடப்புக்கு வரவிருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் 25-க்கும் குறைவான ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தாது, 31 பேர் கொண்ட உங்களுக்குப் பொருந்தும். உடற்குறையுள்ளவரையோ 55 வயதும் அதற்கு மேலும் ஆனவரையோ விரும்பித் தேர்வு செய்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். அந்த இளைஞரை எடுத்தால் மற்ற விண்ணப்பதாரர்கள் வழக்குப் போடுவார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை.

இந்த வாரமே அவருக்குப் பதில் அனுப்புங்கள். சிபாரிசு செய்த குடும்பத்துக்கு வேண்டாம், நேராக அவருக்கே. நேர்முகத்தில் எழுதிப் பேசுவதா, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் சிங்கப்பூர் காது கேளாதோர் சங்கத்தை அணுகலாம். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தாலும் கேள்வியை அந்த இளைஞரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். முதல் கேள்வி பேக்கரியைப் பற்றியதாக இருக்கட்டும்.